பூச்சியத்தைக் காட்டுவது எப்படி: வன்னிப் பள்ளிக்கூடத்தில் ஒளிமின் விளைவு

உயர்தரப் பௌதிகவியலில் ‘சடமும் கதிர்ப்பும்’ அலகு வந்ததும் எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். கரும்பலகையில் ஒரு வெற்றிடக் குழாய் வரையப்படும். உள்ளே இரண்டு தகடுகள், வெளியே ஒரு மின்கலம். ஒளி விழுகிறது, உலோகத் தகட்டிலிருந்து இலத்திரன் புறப்படுகிறது, அதுதான் ஒளிமின் விளைவு. வரைபு நேர்கோடு. பிள்ளைகள் கொப்பியில் வரைந்துகொள்வார்கள், பரீட்சையில் புள்ளியும் எடுப்பார்கள். ஆனால் “மீடிறன் போதாவிட்டால் ஒளியின் செறிவை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை” என்ற வசனத்தை அவர்கள் நம்பி எழுதுவதில்லை. (மீடிறன் என்பது ஒளியலை ஒரு செக்கனில் எத்தனை தடவை துடிக்கிறது என்பது. சிவப்புக்கு அது குறைவு, நீலத்துக்குக் கூட.) சேர் சொன்னார், எழுதினேன் என்பதோடு சரி.

நம்பாமல் இருப்பதில் பிழையும் இல்லை. வெயிலில் காயப்போட்ட நெல்லுக்கு ஒரு மணித்தியால வெயில் போதாவிட்டால் இன்னொரு மணித்தியாலம் போடுவோம். அடுப்பு எரியாவிட்டால் இன்னும் இரண்டு விறகு வைப்போம். கூடக் கொடுத்தால் கூட நடக்கும் என்பதுதான் நாங்கள் வளர்ந்த உலகம். கூடக் கொடுத்தும் ஒன்றுமே நடக்காத ஓர் இடம் உண்டு என்றால், அதைக் கண்ணால் காட்டத்தான் வேண்டும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் மாலை வகுப்புகளில் சில வருடங்களாக, சில எல்ஈடிகளும் ஒரு மீற்றரும் வைத்து இதைச் செய்து பார்த்து வருகிறேன். முதன்முதலாகச் செய்யப்போகும் ஆசிரியருக்கும், வீட்டில் தனியாக முயலும் மாணவருக்குமாக இதை எழுதுகிறேன். வெற்றிடக் குழாய் தேவையில்லை. பிரதான மின்சாரமும் தேவையில்லை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும் இதைச் செய்ய முடிந்தது. தேவையானது ஒரு பூச்சியத்தை மற்றவர் நம்பும்படி காட்டும் பொறுமை மட்டுமே. இந்தப் பரிசோதனையின் உச்சக் காட்சி, சிவப்பு வெளிச்சம் விழும்போது மீற்றரில் நிற்கும் அந்த வெறும் பூச்சியம்தான். அறுந்த வயரும் பூச்சியம்தான் காட்டும், செத்த பற்றரியும் பூச்சியம்தான் காட்டும். ஆகவே எங்கள் பூச்சியம் அந்தப் பூச்சியம் இல்லை என்று நிரூபிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

தகரத்தில் ஏன் முடியாது

புதிதாகத் தொடங்குபவர் பலரும் முதலில் ஆசைப்படுவது நாகத் (துத்தநாகத்) தகட்டுப் பரிசோதனைக்கு. 1887இல் ஹேர்ட்ஸ், கழியூதாக் கதிர் பட்டால் மின்பொறி இலகுவாகப் பாய்வதைக் கவனித்தார். அடுத்த வருடம் ஹால்வாக்ஸ், மறை ஏற்றம் கொடுத்த நாகத் தகட்டின்மீது அந்தக் கதிர் பட்டதும் ஏற்றம் கசிந்துபோவதைக் காட்டினார். பாடப்புத்தகத்தில், ஏற்றம் இருப்பதைக் காட்டும் கருவியான மின்காட்டியின் பொன்னிலை சோர்ந்து விழும் படம் அதுதான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. நாகத்திலிருந்து ஓர் இலத்திரனைக் கிளப்ப ஏறத்தாழ 4.3 இலத்திரன்வோல்ற்று வேண்டும். இலத்திரன்வோல்ற்று என்பது இப்படிச் சின்னச் சக்திகளை அளக்கும் அலகு. ஒளியின் அலைநீளத்தை நனோமீற்றரில் எடுத்து, 1240ஐ அதனால் வகுத்தால் ஒரு போட்டனின், அதாவது ஒளியின் ஒரு தனிப் பொட்டலத்தின், சக்தி இலத்திரன்வோல்ற்றில் வரும். இந்தக் கணக்கைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் உதவும். 4.3க்கு வேண்டிய அலைநீளம் 288 நனோமீற்றர் அளவில் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400க்கும் 700க்கும் இடையில்தான் இருக்கிறது. அதில் எந்த நிறமும் நாகத்துக்குப் போதாது. வெயிலும் போதாது, 290க்குக் குறைந்த கதிர்களை ஓசோன் படை மேலேயே பிடித்துவிடுகிறது. எங்கள் கூரைத் தகரங்கள் நாகம் பூசியவைதான். சித்திரை வெயில் பகல் முழுக்க அவற்றில் கொதித்தாலும் முட்டை பொரிக்கலாமே தவிர, இலத்திரன் கிளப்ப முடியாது. சொல்லப்போனால் அந்தக் கூரையே இந்தப் பாடத்துக்கு நல்ல உதாரணம்.

சோடியம், பொற்றாசியம், சீசியம் போன்ற உலோகங்கள் என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். ஆனால் காற்றுப் பட்ட கணமே அவை கறுத்துப்போகும். அமெரிக்கப் பௌதிகவியலாளர் மில்லிக்கன் சோடியத்தையும் பொற்றாசியத்தையும் வெற்றிடத்துக்குள் வைத்து, உள்ளேயே கத்தியால் சுரண்டிச் சுரண்டி அளந்தார். ஒரு போட்டன் ஓர் இலத்திரனைக் கிளப்பும் என்ற கணக்கில் ஐன்ஸ்டைன் 1905இல் எழுதிய சமன்பாடு பிழை என்று நினைத்துத்தான் மில்லிக்கன் அளக்கத் தொடங்கினார். பல வருட உழைப்புக்குப் பிறகு 1916இல் அவர் வெளியிட்ட அளவீடுகள் அது சரி என்றே காட்டின. ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதற்காகத்தான் கிடைத்தது, சார்புக் கொள்கைக்காக அல்ல. வகுப்பில் யாராவது ஒருவர் மாறிச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அந்த வெற்றிடம் எங்களிடம் இல்லை. அதனால் உலோகத்தை விட்டு, எல்ஈடியின் உள்ளே இருக்கும் குறைகடத்திக்குப் போகிறோம். எல்ஈடி ஒன்றுக்கு மின் கொடுத்தால் ஒளி தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையே திருப்பினால், அதன்மீது ஒளி விழுந்தால் மின் தரும், மிகச் சிறிய சோலர் துண்டைப் போல. எந்த ஒளி விழுந்தாலும் தராது என்பதில்தான் எங்கள் பாடமே இருக்கிறது. நீல எல்ஈடியின் உள்ளே இலத்திரன் தாண்டவேண்டிய படி உயரமானது. சிவப்பு எல்ஈடியில் அது தாழ்வு.

இது பாடப்புத்தகத்திலுள்ள ஒளிமின் விளைவு அப்படியே அல்ல. அங்கே இலத்திரன் உலோகத்தை விட்டு வெளியே வருகிறது. இங்கே பொருளுக்கு உள்ளேயே ஒரு படியிலிருந்து மேல் படிக்கு ஏறுகிறது. இதை அக ஒளிமின் விளைவு என்று சொல்லலாம். உலோகத்திலிருந்து இலத்திரனைக் கிளப்ப வேண்டிய சக்தியான வேலைச் சார்பின் இடத்தில், இந்தப் படியின் உயரமான சக்தி இடைவெளி நிற்கிறது. “ஒரு போட்டன், ஓர் இலத்திரன், போதாவிட்டால் ஒன்றுமில்லை” என்ற கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்று. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு, பிறகு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும்போது விழிப்பதைவிட அது நல்லது.

வாங்கவேண்டியவை

றேடியோ, ரீவி திருத்தும் கடைகளில் 5 மில்லிமீற்றர் எல்ஈடிகள் கிடைக்கும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்காத பொருள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: உடல் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கவேண்டும், நிறம் போட்ட பிளாஸ்ரிக் வேண்டாம்.

இதை அழுத்துவதற்குக் காரணம் என் முதல் தோல்வி. ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், சிவப்புப் பிளாஸ்ரிக் உடலுள்ள சிவப்பு எல்ஈடியை மீற்றரில் பூட்டி, “இப்போது நீலத்தைப் பாருங்கள், எகிறும்” என்று சொல்லி நீலத்தைக் காட்டினேன். மீற்றர் அசையவே இல்லை. சிவப்பைக் காட்டினால் கொஞ்சம் அசைந்தது. நான் சொன்னதற்கு நேர் எதிர். அந்தச் சிவப்புப் பிளாஸ்ரிக்கே நீலத்தை வடிகட்டிவிட்டது என்று வீட்டுக்குப் போகும் வழியில், பரந்தன் சந்தி தாண்டும்போதுதான் மூளையில் பட்டது.

தெளிவான உடல் என்றால் இன்னொரு தொல்லை: அணைந்திருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை எரித்துப் பார்த்து, கால்களில் அந்தந்த நிற நூலைக் கட்டிவிடுங்கள்.

மீற்றருக்கு விலை குறைந்த இலக்க மல்ரிமீற்றர் போதும். முதலைக் கவ்வியுள்ள வயர் இரண்டு சேர்த்து வாங்கினால் கை மிச்சம். எரிக்க வேண்டிய எல்ஈடிகளுக்கு மூன்று பேனா பற்றரி போடும் பெட்டி ஒன்றும், 150 ஓம் தடையி சிலவும். தடையியின் நிறப்பட்டிகள் கபிலம், பச்சை, கபிலம் என்று இருக்கும். தடையி இல்லாமல் நேரே பூட்டினால் சிவப்பு எல்ஈடி ஒரு கணம் பிரகாசமாகச் சிரித்துவிட்டுச் செத்துப்போகும். தடையி பூட்டப் பஞ்சி என்றால், நிறுவைத் தராசில் போடும் 3 வோல்ற் காசுப் பற்றரியின் இரு பக்கமும் கால்களை வைத்து அழுத்தினாலே எரியும். அதன் உள்தடை காப்பாற்றிவிடும். ஆனால் வெளிச்சம் கூடியதாக வேண்டும்போது பேனா பற்றரிதான்.

இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் படித்த யுத்த காலத்தில் பற்றரி வன்னிக்குள் வரத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். இன்று மூன்று பற்றரியைச் சாதாரணமாக மேசையில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கடைசியாக ஒரு கறுப்புக் குழாய். வீட்டுத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் விடும் கறுப்புக் குழாயில் விரல் நீளத் துண்டு வெட்டி எடுத்தால் நன்று. எல்ஈடி அதற்குள் ஆடினால் அதன் இடுப்பில் கறுப்பு ரேப்பைச் சுற்றிப் பருக்கச் செய்யுங்கள். குழாய் கிடைக்காவிட்டால் தடித்த கறுப்புக் கடதாசியை நாலைந்து சுற்றுச் சுற்றினாலும் சரி. காசு தாளைச் சோதிக்கும் ஊதா ரோச் ஒன்று கையில் இருந்தால் பின்னால் பயன்படும், இல்லாவிட்டால் குறையில்லை.

முதலில் ஒளிரும் நட்சத்திரம்

மீற்றரைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழியுங்கள். சிறுபிள்ளைகளின் அறைச் சுவரில் ஒட்டும், இருட்டில் பச்சையாக ஒளிரும் நட்சத்திரங்கள் உண்டல்லவா. ஒன்றை ஒருநாள் முழுக்க இருட்டுப் பெட்டியில் வைத்து ஒளியை வடியவிடுங்கள். பிறகு இருட்டில் எடுத்து, அதன் ஒரு மூலையில் சிவப்பு எல்ஈடியை ஒட்ட வைத்து ஒரு நிமிடம் பிடியுங்கள். எடுத்தால் ஒன்றும் இருக்காது. இன்னொரு மூலையில் நீலத்தை இரண்டே செக்கன் பிடியுங்கள். பச்சைப் புள்ளி ஒன்று எரிந்துகொண்டு நிற்கும். நீலத்தைப் பேனைபோலப் பிடித்து அதில் பெயரும் எழுதலாம், சிவப்பால் ஒரு புள்ளி கூட வைக்க முடியாது.

பிள்ளைகள் இதில்தான் முதலில் நிமிர்ந்து உட்காருவார்கள். விளக்கம் இப்போது வேண்டாம். “ஏன்?” என்ற கேள்வியை மேசையில் விட்டுவிட்டு மீற்றருக்குப் போங்கள்.

நீலம், சிவப்பு, நீலம்

நீல எல்ஈடி ஒன்றைக் கறுப்புக் குழாயின் ஒரு முனையில் செருகுங்கள். அதுதான் ஒளியை வாங்கும் ‘வாங்கி’. நெடுங்காலுக்கு மீற்றரின் சிவப்பு வயர், குறுங்காலுக்குக் கறுப்பு. மீற்றரை நேரோட்ட வோல்ற்றில், 2 வோல்ற் வீச்சில் வையுங்கள். சில மீற்றர்களில் அது 2000 மில்லிவோல்ற் என்று எழுதியிருக்கும். ஆடலோட்டப் பக்கத்தில் குமிழியை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் தேடியவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் நானும் ஒருவன்.

இப்போது குழாயின் மற்ற முனையை விரலால் பொத்துங்கள். மீற்றர் பூச்சியம் காட்டவேண்டும். கடைசி இலக்கம் ஒன்றுக்கும் பூச்சியத்துக்கும் இடையில் துடித்தால் பரவாயில்லை. பத்து, இருபது என்று நின்றால் எங்கோ வெளிச்சம் நுழைகிறது. எங்கள் வகுப்பறைகள் அரைச் சுவரும் கம்பி வலையும், மேலே தகரமும். ஒருநாள் எவ்வளவு பொத்தியும் பூச்சியம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் பழைய ஆணித் துளையொன்றால் வந்த வெயில் வட்டம், சரியாக எல்ஈடியின் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. எல்ஈடிக்குப் பின்னாலும் ஒளி புகும். அதன் அடிப்பக்கத்தையும் கறுப்பு ரேப்பால் மூடுங்கள்.

இருட்டுப் பூச்சியம் கிடைத்துவிட்டதா? சரி. மற்ற முனையில் எரிகின்ற நீல எல்ஈடியைச் செருகுங்கள். எண் ஏறும். எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. மீற்றரின் உள்தடையைப் பொறுத்துச் சில பத்து மில்லிவோல்ற்றும் வரலாம், சில நூறும் வரலாம். எண்ணை எழுதுங்கள்.

நீலத்தை எடுத்துவிட்டுச் சிவப்பைச் செருகுங்கள். பூச்சியம்.

இங்கே நிறுத்துங்கள். உடனே அடுத்ததற்கு ஓடவேண்டாம். நான் வாயைத் திறக்காமல் நிற்பேன். கொஞ்சநேரத்தில் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்.

“சேர், வயர் கழண்டு போச்சோ?”

“இருக்கலாம் தம்பி. வந்து பார்.”

அவரே எழுந்து வந்து கவ்வியை ஆட்டிப் பார்ப்பார், பற்றரியைத் தட்டிப் பார்ப்பார். பிறகு நீலத்தைத் திரும்பச் செருகச் சொல்லுங்கள். எண் திரும்பவும் ஏறும். ஆக, வயர் கழலவில்லை. நீலம், சிவப்பு, நீலம் என்ற இந்த வரிசையை எப்போதும் கைவிடாதீர்கள். சிவப்பின் பூச்சியம் இரண்டு நீலங்களுக்கு நடுவில் சிறைப்பட்டு நின்றால்தான் அதற்குப் பெறுமதி.

அடுத்து சிவப்பைக் கூட்டுவோம். குழாயைக் கழற்றி, அறையை இருட்டாக்கி, மூன்று சிவப்பு எல்ஈடிகளையும் சேர்த்துப் பிடித்து வாங்கியின் முகத்தில் அடியுங்கள். பூச்சியம். இதே அலைநீளத்தில் இன்னும் பலமான சிவப்பு ஒளி இருந்தால் அதையும் அடியுங்கள். பூச்சியம். “கொஞ்சநேரம் விட்டால் சேரும்” என்று யாராவது சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சிவப்பை எரியவிட்டபடி இடைவேளைக்குப் போய், பணிஸும் தேநீரும் முடித்து வாருங்கள். அப்போதும் பூச்சியம். அலையாக வந்து மெல்ல மெல்லச் சேமிக்கப்படும் சக்தி என்றால் இவ்வளவு நேரத்துக்குள் படி தாண்டியிருக்க வேண்டும்.

எதிர்க் கேள்வி ஒன்று கட்டாயம் வரும், அது நல்ல கேள்வி: “நீலம் கூடப் பிரகாசம், அதாலதான் சேர்.” பதிலை வாயால் சொல்லாதீர்கள். நீல எல்ஈடிக்கும் வாங்கிக்கும் இடையில் வெள்ளை ரிசுத் தாளை ஒவ்வொன்றாக வையுங்கள். நீலம் மங்கி மங்கி, சிவப்பைவிடப் பாவமாகத் தெரியும் வரை. மீற்றரை 200 மில்லிவோல்ற் வீச்சுக்கு மாற்றுங்கள். எண் சிறியதாகிவிடும், ஆனால் இருக்கும். செத்துக்கொண்டிருக்கும் நீலம் ஒரு எண்ணைத் தருகிறது, கொழுந்துவிட்டு எரியும் சிவப்பு தரவில்லை.

விளாங்காய்க் கணக்கு

இப்போதுதான் விளக்கத்துக்கு நேரம். நான் சொல்வது விளாங்காய் உதாரணம். உயரக் கிளையில் விளாங்காய் தொங்குகிறது. கீழே நின்று மணலை அள்ளி அள்ளி எறிகிறோம். ஒரு கடகம் மணல், ஒரு வண்டில் மணல், ஒரு டிப்பர் மணல். காய் விழாது. ஒரே ஒரு கல்லை எடுத்துக் குறிபார்த்து எறிந்தால் விழும். மணலின் மொத்தப் பாரம் கல்லைவிட ஆயிரம் மடங்கு இருக்கலாம். காம்புக்கு மொத்தம் தெரியாது, தன்மேல் வந்து பட்ட ஒன்றின் பலம்தான் தெரியும்.

சிவப்பு ஒளி மணல். 630 நனோமீற்றர் என்றால் ஒவ்வொரு போட்டனிடமும் 1.97 இலத்திரன்வோல்ற்றுத்தான். மஞ்சள் 590இல் 2.10, பச்சை 525இல் 2.36, நீலம் 465இல் 2.67. நீல எல்ஈடியின் படி ஏறக்குறைய இந்தக் கடைசி எண்ணின் உயரம். ஊதா ரோச் 395 என்றால் 3.14. அதை நீல வாங்கியில் அடித்துப் பாருங்கள், எண் எகிறும்.

உதாரணம் ஓரிடத்தில் உதைக்கும். மணலை நாள்கணக்கில் எறிந்தால் காம்பு தேய்ந்து ஒருநாள் காய் விழத்தான் செய்யும். இலத்திரனுக்கு அப்படிச் சேமிப்பு இல்லை. படாமல் போனது போனதுதான். பிள்ளைகள் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தால் சந்தோஷப்படுங்கள்.

நேரம் இருந்தால் ஜாம் போத்தல் விளக்கையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பல வீடுகளில் அம்மம்மாமாருக்கு அதைச் செய்யத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடரில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம், நீலம் அருமை. நீல வாங்கி அதைக் கவனிப்பதே இல்லை என்று சொல்லலாம். சிவப்பு வாங்கி நன்றாகவே கவனிக்கும். சுடரை எல்ஈடிக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், பிளாஸ்ரிக் உருகும்.

வாங்கியை மாற்றிப் பார்த்தல்

நீலத்தோடு நிறுத்தினால் “நீல எல்ஈடிக்கு நீலம்தான் பிடிக்கும்” என்ற பிழையான எண்ணம் தங்கிவிடும். அதனால் சிவப்பு எல்ஈடியை வாங்கியாக்குங்கள். இதற்குச் சிவப்பு ஒளி கொஞ்சம் வேலை செய்யும், மஞ்சளும் பச்சையும் நன்றாக வேலை செய்யும். மஞ்சளை வாங்கியாக்கினால் பச்சைக்கு எண் வரும், சிவப்புக்கு விழுந்துவிடும். பச்சையை வாங்கியாக்கினால் நீலத்துக்கு நல்ல எண், தன் சொந்தப் பச்சைக்கே சின்ன எண்தான், சிவப்புக்கு ஒன்றுமில்லை. நான்கு வாங்கி, நான்கு ஒளி, பதினாறு கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். பூச்சியங்கள் எல்லாம் படிக்கட்டுப்போல ஒரு மூலையில் போய்ச் சேருவதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒன்று, ஒரே நிறத்துக்கு ஒரே நிறம் எண் குறைவாக வருவது. எல்ஈடி தான் உமிழும் ஒளியைவிடச் சற்றுக் கூடிய சக்தியுள்ள ஒளியைத்தான் நன்றாக உள்ளெடுக்கும். அதனால் சொந்த நிறம் படியின் விளிம்பில் நின்று தடுமாறும்.

மற்றது, சிவப்பு வாங்கியில் நீலம் பச்சையைவிடக் குறைந்த எண் தருவது. “நீலம் கூடிய சக்திதானே, ஏன் குறையுது?” என்று கேட்பார்கள். படி தாண்ட முடியுமா என்பதை நிறம் முடிவுசெய்கிறது. எத்தனை இலத்திரன் தாண்டியது என்பதை, வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த போட்டன்களின் எண்ணிக்கை முடிவுசெய்கிறது. பல சிவப்பு எல்ஈடிகளில் நீல ஒளி மேற்படையிலேயே உறிஞ்சப்பட்டு, உள்ளே போய்ச் சேருவது குறைந்துவிடும். ஆகவே பூச்சியமா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள், எண்களின் பெரிய சிறிய வித்தியாசங்களுக்கு இந்தக் கட்டத்தில் அர்த்தம் தேடவேண்டாம்.

செலோபேன் தாளை வெள்ளை ரோச்சின் முன் பிடித்து நிறம் உண்டாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். செலவு குறைவு, ஆனால் நான் விரும்புவதில்லை. சிவப்புத் தாளென்று வாங்குவதில் சில, நீலத்தையும் ஊதாவையும் இரகசியமாக விட்டுவிடும். பிறகு பூச்சியம் பூச்சியமாக இருக்காது. கட்டாயம் என்றால் தாளை இரண்டாக மடித்து, அதனூடாக வரும் ஒளியைப் பழைய சீடி ஒன்றில் தெறிக்கவிட்டுப் பாருங்கள். வானவில்லில் நீலக் கீற்று மிச்சமிருந்தால் அந்தத் தாளை எறிந்துவிடுங்கள்.

வேலை செய்யாவிட்டால் தேட இடம் அதிகமில்லை. கால் மாறிப் பூட்டினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், அது பிழையல்ல. வியர்த்த விரலால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தால் எண் சரியும், கவ்வியில் விட்டுவிட்டுக் கையை எடுங்கள். மீற்றரின் பற்றரி வலுவிழந்தால் எண் தன்பாட்டுக்கு அலையும்.

பிளாங்கின் மாறிலி வரை

உயர்தர மாணவருக்கு இதே சாமானோடு ஒரு மாறுந்தடையும் சேர்த்து இன்னும் ஒரு படி போகலாம். இப்போது எல்ஈடியை எரிக்கும் பக்கம். பற்றரிப் பெட்டியின் இரு முனைக்கும் 1 கிலோ ஓம் மாறுந்தடையைப் பூட்டி, நடுக்காலிலிருந்து 150 ஓம் தடையியூடாக எல்ஈடிக்குக் கொடுங்கள். மீற்றரை எல்ஈடியின் இரு கால்களுக்கும் குறுக்கே வையுங்கள். குமிழியை மெல்ல மெல்லத் திருப்பி, கறுப்புக் குழாயூடாகப் பார்க்கும்போது ஒளி அப்போதுதான் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வோல்ற்றளவை எழுதுங்கள். சிவப்புக்கு 1.7 வோல்ற் அளவிலும் நீலத்துக்கு 2.5 அளவிலும் வரும்.

நான்கு நிறத்துக்கும் மீடிறனை ஒரு அச்சிலும் வோல்ற்றளவை மற்ற அச்சிலும் குறித்து, புள்ளிகளுக்கு நடுவால் ஒரு கோடு போடுங்கள். சிவப்பின் மீடிறன் 4.76 × 10¹⁴ ஹேர்ட்ஸ், நீலத்துடையது 6.45 × 10¹⁴. கோட்டின் சாய்வை இலத்திரனின் ஏற்றமான 1.6 × 10⁻¹⁹ கூலோமால் பெருக்கினால், மீடிறனோடு பெருக்கப் போட்டனின் சக்தியைத் தரும் எண்ணான பிளாங்கின் மாறிலிக்குக் கிட்ட வரும். உண்மைப் பெறுமானம் 6.626 × 10⁻³⁴ யூல் செக்கன். மேலே சொன்ன இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் போட்டால் 7.6 வருகிறது. ஐந்திலொரு பங்குக்குள் வந்தாலே கையைத் தட்டலாம், ஏனென்றால் “தெரியத் தொடங்கும் இடம்” ஆளுக்கு ஆள், கண்ணுக்குக் கண் மாறும். ஒரே ஆளே நான்கு நிறத்தையும் பார்க்கவேண்டும். எண்ணை 6.6க்கு இழுத்து வந்து காட்டும் பிள்ளையிடம், வாசிப்புகளை எழுதிய பக்கத்தைக் கேளுங்கள்.

வெளியேறும் இலத்திரனைத் தடுத்து நிறுத்தும் வோல்ற்றளவான நிறுத்தல் அழுத்தத்தை இந்த முறையால் காட்ட முடியாது. வெளியேறும் இலத்திரனே இங்கே இல்லாதபோது அதை நிறுத்துவது எங்கே? அதற்கு ஒளிமின்கலம் உள்ள ஆய்வுகூடம் வேண்டும்.

ஒரு தடை

கொரோனாக் காலத்துக்குப் பிறகு கிருமிகொல்லிக் கழியூதா விளக்குகள் பலருடைய கையில் இருக்கின்றன. அதன் 254 நனோமீற்றர் கதிர் 4.88 இலத்திரன்வோல்ற்று, நாகத்துக்குத் தாராளம். மின்காட்டியின் இலை விழும், இடையில் சாதாரணக் கண்ணாடியைப் பிடித்தால் விழுவது நிற்கும், தகட்டுக்கு நேர் ஏற்றம் கொடுத்தால் விழவே விழாது. அழகான பரிசோதனைதான். ஆனால் அந்தக் கதிர் கண்ணின் மேற்படலத்தையும் தோலையும் சுடும். சுட்டது உடனே தெரியாது. சில மணித்தியாலம் கழித்து இரவில்தான் கண்ணில் மண் விழுந்ததுபோல எரியத் தொடங்கும். அரைச் சுவர் வகுப்பறையில், நாற்பது பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் இடத்தில் அதை ஏற்றவே வேண்டாம். மாரி காலத்தில் ஈரக்காற்று மின்காட்டியின் ஏற்றத்தைத் தானாகவே கசியவிட்டுவிடும் என்பதால் அப்போது அது வேலை செய்வதும் சந்தேகம். காசு பார்க்கும் ஊதா ரோச்சையும் கண்ணுக்கு நேரே பிடிக்கவிடாதீர்கள்.

முடிந்ததும் எல்ஈடிகளை நிறம் நிறமாகப் பிரித்து, நூல் கழன்றவற்றுக்குத் திரும்பக் கட்டி, மீற்றரை அணைத்து, பற்றரியைக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் தகரத்தில் போடுங்கள். கழற்றாமல் விட்ட பற்றரி ஒன்று மாரி முடிவதற்குள் உள்ளேயே கசிந்து என் முதல் மீற்றரை அரித்துவிட்டது. ஒளிரும் நட்சத்திரத்தையும் அதே தகரத்துக்குள் வையுங்கள். மூடி இறுகியிருந்தால் அடுத்த வகுப்புக்கு அது இருண்டபடியே தயாராக இருக்கும்.